பொன்னி எடுத்த துரும்பு

போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குப் போய்வந்தேன். பயப்படாதீர்கள் — நான் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. பி.ஏ. முடித்துச் சட்டம் படிக்கிறவனுக்கு, அந்தச் சட்டம் நிஜமாக நடப்பதை ஒரு தடவையாவது பார்க்க ஆசை இருக்காதா?

ஆசை நிறைவேறியது. நிறைவேறாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது...

பொன்னி என்று ஒருத்தி. தியாகராய நகரில் திரும்பின பக்கமெல்லாம் வீடு கட்டுகிறார்களே, அங்கே சித்தாள் வேலை. செங்கல் சுமப்பாள், கலவை சுமப்பாள். ஒரு நாள் சாரம் சரிந்து விழுந்தாள். வலது கை ஒடிந்தது. எலும்பு கூடிற்று, ஆனால் கோணலாகக் கூடிற்று. அதற்குப் பிறகு கூடை தூக்க முடியவில்லை.

அவள் புருஷன் முனுசாமி கொத்து மேஸ்திரி. நல்ல சம்பாத்தியம். இவள் கை போனதும் வேறொருத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். பொன்னி அடையாற்றங்கரைக் குடிசையில் அக்காளோடு ஒண்டிக்கொண்டாள்.

எங்கள் சித்தப்பாவும் தியாகராய நகரில் வீடு கட்டுகிறார். அங்கே வேலை கேட்டு வந்தாள். சித்தப்பா அவள் கையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அவள் கதையைக் கேட்டு நானோ துள்ளிக் குதித்தேன். ஜீவனாம்சம்! முந்தின வாரம்தான் படித்திருந்தேன். வசதியுள்ள புருஷன் பெண்டாட்டியைக் கைவிட்டால் அவள் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். மாதாமாதம் இவ்வளவு கொடு என்று அவர் உத்தரவு போடுவார். கொடுக்காவிட்டால் ஜெயில்!

"ஜெயிலெல்லாம் வாணாம் சாமி," என்றாள் பொன்னி. "கஞ்சிக்கு வழி பண்ணாப் போதும்."

மயிலாப்பூரில் என் சிநேகிதன் ராமதுரை வக்கீல். வாசலில் போர்டு புதிது. உள்ளே கட்சிக்காரர்தான் இல்லை. ஃபீஸே வேண்டாம் என்று கேஸை எடுத்துக்கொண்டான். "அவன் உன் புருஷன்தானேம்மா?" என்று கேட்டான். "தாலி கட்னவன்தான் சாமி" என்றாள். அவ்வளவுதான் கேட்டோம். வேறென்ன கேட்க இருக்கிறது என்று நினைத்தோம்!

கோர்ட்டு வராந்தாவில் முனுசாமியோடு ஒரு கிழவரும் வந்து நின்றார்.

"அவர் யார்?" என்றான் ராமதுரை.

"எங்க நாட்டாம," என்றாள் பொன்னி. "துரும்பு கிள்றப்ப அவருதான் நடுவுல குந்திக்கினு இருந்தாரு."

"துரும்பா? என்ன துரும்பு?"

எங்கள் அறியாமையைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் ஜனங்களில் புருஷன் பெண்டாட்டி தீர்த்துக்கொள்கிற முறை அது. நாலு பேர் முன்னால் புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளிக் கீழே போடுவான். பெண்டாட்டி அதைக் குனிந்து எடுக்கவேண்டும். எடுத்தால் உறவு அறுந்தது; அவள் இஷ்டப்பட்டால் வேறு கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாம். எடுக்காவிட்டால் அறவில்லை.

ராமதுரையின் முகம் வெளுத்தது. ஜீவனாம்சம் பெண்டாட்டிக்குத்தான். தீர்த்துக்கொண்டவளுக்கு ஏது?

"நீ எடுத்தியா?"

"எடுக்காம? அப்படியே வுட்டுட்டு நின்னா, நான் என்னமோ அவன் கால்ல வுயுந்து கெஞ்சிக்கினு கீற மாதிரி ஆவாது?"

"கட்டாயப்படுத்தினாங்களா? பயமுறுத்தினாங்களா?"

"ஆரு, என்னையா? இன்னா சாமி நீ!"

ராமதுரை என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "என்னடா இது, என்னண்டை ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?" என்றான். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல?

உள்ளே நாட்டாண்மைக்காரரைக் கூண்டில் ஏற்றினார்கள். துரும்பு கிள்ளினது உண்மை என்றார். அவள் எடுத்தாளா? கிழவர் தலையைச் சொறிந்தார்.

"எடுத்திருப்பாங்க தொரை. அந்தி நேரம்... எனக்குக் கண்ணு வேற செரியாத் தெரியாது. பார்த்தேன்னு சத்தியம் பண்ண முடியாதுங்க."

ராமதுரை என் தொடையைக் கிள்ளினான். பிழைத்தோம்! முனுசாமி பக்கத்தில் வேறு சாட்சி இல்லை. இனி எல்லாம் பொன்னியின் வாயில் இருக்கிறது. 'இல்லை' என்று ஒரு வார்த்தை — ஆயுசுக்கும் கஞ்சி.

அடுத்துப் பொன்னி கூண்டில் ஏறினாள். மாஜிஸ்திரேட் அவளைப் பார்த்தார். "அந்தத் துரும்பை நீ எடுத்தாயா?"

பொன்னி அவரைப் பார்க்கவில்லை. முனுசாமியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எடுத்தேங்க. இந்தக் கோணக் கையாலதான் எடுத்தேன்."

மனு தள்ளுபடி.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏம்மா, உனக்குச் சோறு வேண்டாமா?"

"வோணும் சாமி." கொஞ்சம் யோசித்தாள். "அந்த ஐயா துட்டு குடுக்கச் சொன்னா, எத்தினி நாளிக்குத் தருவான்?"

"நீ அவன் பெண்டாட்டியாக இருக்கிற வரைக்கும்."

"அப்ப சாவற மட்டும் அவன் பொண்டாட்டி... அதானே?" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள். எங்கேயாவது மணல் சலிக்கிற வேலை கிடைக்குமா என்று பார்க்கப் போகிறாளாம்.

எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறாள். அவள் அகத்துக்காரர் பெங்களூரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். மாமிக்கு ஜீவனாம்சம் தவறாமல் வருகிறது. ஏன் வருகிறது? எங்கள் ஜாதியில் துரும்பும் இல்லை, தூணும் இல்லை; கட்டினது கட்டினதுதான். நேற்று மாமியிடம் பொன்னியின் கதையைச் சொன்னேன். "கொடுத்துவெச்சவ!" என்றாள் மாமி. அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அறுக்க முடியாதவளுக்குச் சோறு, அறுத்தவளுக்குப் பட்டினி. பொன்னியின் ஜனங்கள் நம்மைவிட நாகரிகமாக, ஒருவரையொருவர் விட்டுவிடக் கற்றிருக்கிறார்கள். விட்டபிறகு அவள் எதைச் சாப்பிடுவாள் என்று மட்டும் யாரும் நினைக்கவில்லை — நாட்டாண்மையும் நினைக்கவில்லை, சட்டமும் நினைக்கவில்லை. கை ஒடிந்ததை அன்றைக்குக் கோர்ட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை!

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மனுவைத் தள்ளிவிட்டு மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "இந்தக் கூண்டில் இவ்வளவு உண்மையை நான் கேட்டதே இல்லை" என்று மனசாரப் பொன்னியை மெச்சினார்.

மெச்சினதை உலையில் போட்டால் வேகுமா?