காற்றை அடைத்த சுவர்

ஒரகடத்தில் பெரியப்பா வீட்டுப் பின்சுவரைத் தொட்டேன், கை சுட்டது. அதே சூடு. 1991 கோடையில், பாகம் பிரித்த கோபத்தில், எங்கள் கிழக்கு ஜன்னலை அடைத்து அவர் எழுப்பிய சுவர் இது. அதுவரை சாயங்காலமானால் அந்த ஜன்னலில்தான் கடல்காற்று வரும். சுவர் எழுந்தபின், அம்மா ஈரப்புடவை கட்டித் தொங்கவிட்டும், அம்மை கண்டிருந்த தம்பி புழுக்கத்தில் துடித்தான்.

"இப்ப வாங்குங்கடா காத்து!" என்று சுவருக்கு அப்பாலிருந்து பெரியப்பா சிரித்தார்.

இன்று அவரே கேட்டார்: "நீதான் வூட்டு பிளான் போடறியேம்மா. ஃபேன் போட்டும் உள்ள அனலா கீது. இன்னா பண்லாம்?"

"உள்ள வர்ற காத்து வெளிய போவ வழியில்ல பெரியப்பா. இந்தச் செவுத்த இடிக்கணும்."

அவர் முகம் சுருங்கியது. "வேற வழியே இல்லியா?"

வழி இருந்தது.

"இல்ல" என்றேன்.