மழையைக் கூப்பிட்ட தீ

அன்செல்மோ தெனெலேமா எங்கள் ஊரின் புல்வெளிக் காவல்காரர். சிம்போராசோ மலைச் சரிவில், ஊருக்கு மேலே இருக்கும் அந்தப் புல்வெளியில்தான் கீழே நகரம் குடிக்கும் தண்ணீர் ஊறுகிறது. எட்டு வருடங்களுக்கு முன் நகரத்துக்காரர்களும் நாங்களும் ஒப்பந்தம் போட்டோம். நாங்கள் மேலே மாடு மேய்ப்பதில்லை, புல்லைக் கொளுத்துவதில்லை, அழிந்துபோன யாகுவால் மரங்களைத் திரும்ப நடுவோம். அவர்கள் எங்கள் வயல்களுக்கு வருடம் கொஞ்சமாக வாய்க்கால் வெட்டித் தருவார்கள்.

மரங்கள் அன்செல்மோ நட்டவை என்றுதான் ஊர் சொல்லும். கன்றுகளைச் சுமந்தது அவர் மனைவி பல்தசாரா. முதுகுத் துணியில் இருபது இருபதாகக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் ஏறுவார்.

"நீ குழி தோண்டிப் பேரு வாங்கிக்கோ. என் முதுகு வலி யாருக்குத் தெரியுது?" என்று சிரிப்பார்.

போன வருடம் நவம்பர் வரை மழை இல்லை. வாய்க்கால் அன்செல்மோ, பல்தசாரா வயலை இன்னும் எட்டியிருக்கவில்லை. உருளைக்கிழங்குச் செடிகள் சுருண்டன. புல்லை எரித்தால் புகை மேலே போய் மழையைக் கூட்டி வரும் என்று எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் சொல்வார்கள். ஒரு மதியம், மரங்களுக்கு வெகு தூரத்தில், ஒரு பள்ளத்தில் பல்தசாரா கொஞ்சம் புல்லுக்குத் தீ வைத்தார். காற்று திரும்பியது. யாகுவால் பட்டை தாள் தாளாக உரியும். தீ அதைப் பிடித்துக்கொண்டு ஏறியது. ஏழு வருட மரங்கள் சாயங்காலத்துக்குள் போய்விட்டன.

பல்தசாராவின் பாவாடை ஓரம் கருகியிருந்ததை அன்செல்மோ அன்றே பார்த்துவிட்டாராம். ஒன்றும் கேட்கவில்லையாம்.

நான்காம் நாள் மழை பெய்தது. சாம்பல் ஓடையில் இறங்கி, நகரத்துக் குழாய்களில் கறுப்புத் தண்ணீர் வந்தது. தீ வைத்தவர் பெயர் தெரியாமல் வாய்க்கால் வேலை நடக்காது என்று நகரத்திலிருந்து ஆட்கள் வந்து சொன்னார்கள். ஊர்க்கூட்டம் கூடியது. பள்ளி முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னைத் தீர்மானப் புத்தகம் எழுத உட்கார வைத்தார்கள்.

"இவ்ளோ பெரிய தீ காவக்காரருக்குத் தெரியாமலா? தூங்கிட்டீங்களா தைத்தா?" என்றார் கூட்டத்தில் இருந்த நிகனோர். பெரியவர்களை நாங்கள் 'தைத்தா' என்றுதான் கூப்பிடுவோம். சிலர் சிரித்தார்கள்.

அன்செல்மோ எழுந்தார். "தீ என் வீட்டுலேர்ந்துதான் போச்சு."

"வீடு நடந்து போயா கொளுத்துச்சு? பேரச் சொல்லுங்க."

பெண்கள் பக்கம் பல்தசாரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். 'நான்தான்' என்று அன்செல்மோ சொல்லிவிடுவார் என்றே நானும் நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"பல்தசாரா."

"மழ வந்துச்சுல்ல?" என்று மட்டும் கேட்டார் பல்தசாரா. ஐந்து வருடம் அவர் மேலே ஏறக்கூடாது என்று தீர்மானம். அந்தப் பெயரை எழுதியவள் நான்.

இந்த வருடம் மறுபடி நடவு. பல்தசாரா கன்றுகளைக் கடைசி வீட்டுச் சுவர் வரை சுமந்து வந்து, அன்செல்மோவின் முதுகுக்கு மாற்றிவிடுகிறார். வறுத்த சோளப் பொட்டலத்தையும் வைக்கிறார். பேச்சு கிடையாது.

பெயர் கிடைத்ததும் வேலை மறுபடி தொடங்கி, வாய்க்கால் இப்போது அவர்கள் வயலைத் தாண்டி ஓடுகிறது. அவர்களுடைய மடை மட்டும் மூடியே கிடக்கிறது. பல்தசாரா அதைத் திறக்க விடுவதில்லை.