ஆணி அடிக்காத வீட்டில் ஒரு பாட்டு

நான் கட்டிய வீடுகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு தெரு நிறைந்துவிடும். பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. அதிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை, மீதி நாள் நான் போகவில்லை. ஆனாலும் படித்த இன்ஜினீயர்களே என் பூச்சு வேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, இது சுவரா, கண்ணாடியா?" என்று கேட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் ஊர்தான் சொல்ல வேண்டும். ஊருக்கு ஞாபக மறதி அதிகம், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இப்போது சொல்ல வந்தது என் வீட்டுக்காரியைப் பற்றி.

அவள் என்னிடம் சித்தாளாக வேலைக்கு வந்தவள். உள்ளங்கை அளவு ரேடியோ ஒன்றைச் சாரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுத்தான் சாந்து குழைப்பாள். பேட்டரி தீர்ந்துவிட்டால் வெயிலில் காய வைத்து இன்னும் நாலு பாட்டு கறந்துவிடுவாள். அதுவும் ஓய்ந்துவிட்டால் இவளே பாடுவாள். ஆட்கள் அவளுக்கு வைத்த பெயரே 'ரேடியோ'. "ரேடியோ வந்தாச்சா? அப்ப கரணையை எடுக்கலாம்" என்பார்கள். அவள் வராத நாளில் வேலை நொண்டியடிக்கும்.

கட்டிக்கொள்கிறாயா என்று நான் கேட்டபோது அவள் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பாட்டை நிறுத்தச் சொல்ல மாட்டீங்களே?"

"உசிரு போனாலும் சொல்ல மாட்டேன்" என்றேன். என் வாக்கும் என் பூச்சும் ஒன்று. இரண்டிலும் விரிசல் விழாது.

பிறகு எங்களுக்கென்று வீடு கட்டினேன். ஊரில் எவனும் செய்யாததைச் செய்தேன். பூச்சு வெடிக்கக் கூடாது என்று, உள்சுவர் வெளிச்சுவர் எல்லாவற்றிலும் தரை முதல் கூரை வரை இரும்புக் கோழிவலையை விரித்து, அதன்மேல் பூசினேன். இன்றுவரை மயிரிழை விரிசல் கிடையாது. அந்தச் சுவரில் ஆணி அடிக்க யாரையும் விட்டதும் கிடையாது. எங்கள் வீட்டில் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். கடிகாரம் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கும். கல்யாணப் போட்டோ பீரோவில் சாய்ந்து நிற்கும்.

வீட்டுக்காரி ரேடியோவைச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். காய் நறுக்குவது, துணி மடிப்பது, சாப்பிடுவது எல்லாமே அந்த ஜன்னல் ஓரம்தான். வருகிறவர்களிடம் நான் காட்டுவேன்: "பாத்தீங்களா, நான் வெச்ச ஜன்னல்! காத்து அப்படி வரும். அதை விட்டு நகர மாட்டா."

சில வாரங்களுக்கு முன் அந்த ரேடியோ மொத்தமாக வாயை மூடிக்கொண்டது. எங்களோடு இருக்கும் மருமகள், "அத்தை, வீடு பூரா கேக்கற மாதிரி வயர் இல்லாத ஸ்பீக்கர் வாங்கிடலாம். எந்தப் பாட்டு வேணும்னாலும் இன்டர்நெட்லயே வரும்" என்றாள்.

இதுவரை என்னிடம் ஒரு குண்டூசி கேட்டிராதவள் அன்றைக்குக் கேட்டாள். "சமையலறையில ஆரம்பிச்ச பாட்டு, நான் மொட்டை மாடியில துணி காயப்போட்டுட்டு வர்ற வரைக்கும் அறுபடாம கூடவே வரணும். எனக்கு அது போதும்."

கடைக்குப் போனோம். நான் ஒவ்வொரு ஸ்பீக்கராகத் தூக்கிப் பார்த்தேன். கனம் உள்ள சரக்குதான் நிற்கும் என்பது என் அனுபவம்.

"செங்கல் வாங்கவா வந்திருக்கோம்? கீழ வைங்க" என்றாள் வீட்டுக்காரி.

கடைப் பெண்ணிடம் ஒரே பாட்டை எல்லாவற்றிலும் போடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய பெட்டியைக் கேட்டு, "இது பாடலை, இடிக்குது" என்றாள். நீளமானதை, "மூக்கால பாடுது" என்று தள்ளினாள். கடைசியில் ஒரு கைக்கு அடங்குகிற உருண்டை ஒன்று. கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "பாடறவ மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குது. இதுதான்!"

அதில் நான்கு எடுத்தோம். கூடவே இன்டர்நெட்டிலிருந்து பாட்டை வாங்கி நான்குக்கும் ஒரே நேரத்தில் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று. "சரிப்படலைன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள திருப்பிக் கொடுத்துடலாம்மா" என்றாள் கடைப் பெண்.

வீட்டில் இடத்துக்கு ஒன்றாக வைத்துப் பார்த்தால், இன்டர்நெட் பெட்டி இருக்கும் கூடத்தில் தேன். சமையலறையில் விக்கல். மாடியில் மூச்சே இல்லை.

சரக்கு மட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து மச்சான் வந்தான், வீட்டுக்காரியின் தம்பி. அறைகளை அட்டைப் பலகையால் தடுத்த வாடகை வீட்டில் இருப்பவன். 'உன் வீட்ல தும்மினா அடுத்த வீட்டுக்காரன் மூக்கைத் துடைக்கணும்' என்று நான் காலங்காலமாகக் கிண்டல் செய்யும் ஆள். "எங்க வீட்ல போட்டுப் பாக்கறேன்" என்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனான். சற்று நேரத்தில், நான் வாசலில் நின்றபோது, போன் வந்தது. பின்னால் பாட்டு அருவியாகக் கொட்டியது.

"அத்தான், கேக்குதா? நாலு மூலையும் பாடுது! அட்டை வீடு பாடுது அத்தான்!"

எனக்கு மூஞ்சியில் ஈயாடவில்லை.

அவன் திருப்பிக் கொண்டுவந்ததும் வீட்டுக்காரி அவற்றை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். "கடையில குடுத்துடலாங்க. இந்த வீட்டுக்குப் பாட்டு ஒத்துக்கலை போல." பிறகு அந்த ஊமை ரேடியோவைத் துடைத்து மறுபடி ஜன்னலில் வைத்தாள். நான் கொடுத்த வாக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பாட்டை நான் நிறுத்தவில்லை, சரி. என் வீடு நிறுத்துகிறதே!

கடைக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை காலையில் இணைப்பு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். போனைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள். சுவரைத் தட்டினாள்.

"ஐயா, இதுக்குள்ள என்ன வெச்சுக் கட்டியிருக்கீங்க?"

இந்தக் கேள்விக்காக நான் ஆயுசு பூராவும் காத்திருந்தேன். விடுவேனா? வலை வாங்கியது, விரித்தது, விளிம்பின்மேல் விளிம்பு ஏற்றிக் கம்பியால் முடிந்தது, விரல் நுழைய இடம் விடாதது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நீங்க வீடு கட்டலைங்கய்யா. அறைக்கு ஒரு கூண்டு கட்டியிருக்கீங்க. இந்த இரும்பைத் தாண்டி அலை போகாது. ரேடியோகூட உள்ள எடுத்திருக்காதே? ஜன்னல் ஓரமா வெச்சாத்தான் உண்டு."

மருமகள் நெற்றியில் கை வைத்தாள். "அதான் அத்தை எப்பவும் ஜன்னல்கிட்டயே..."

நான் வீட்டுக்காரியைப் பார்த்தேன்.

"காத்தும் நல்லாத்தான் வரும்" என்றாள்.

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லலை?"

"சொன்னா இடிச்சுட்டு வேற கட்டுவீங்க. அப்புறம் அந்தச் சுவர்ப் பெருமையையும் நான்தான் கேக்கணும்!"

மச்சான் சிரித்த சிரிப்பில் ஃபிரிட்ஜ் மேலிருந்த கடிகாரம் ஆடியது.

வழி இருக்கிறது என்றாள் வந்த பெண். சுவர்களைத் துளைத்து ஒவ்வொரு அறைக்கும் கேபிள் இழுத்து, அந்தந்த அறைக்குள் அலை வீசும் பெட்டி ஒன்று வைத்துவிட்டால் அங்கேயே அலை கிடைக்கும். "ஆனா ஓட்டை போடணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மருமகள் மட்டும் ஜன்னலில் தொங்கும் காலண்டரைப் பார்த்தாள். வந்த பெண் ட்ரில்லைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினாள்.

"அதை இங்க குடும்மா" என்றேன். "என் சுவர்ல நான்தான் கை வைப்பேன்."

வலையைத் தொட்டதும் ட்ரில் கிறீச்சென்று அலறியது, பொறி பறந்தது. ஏணியைப் பிடித்திருந்த மச்சான், "அத்தான், வலிக்குதா?" என்றான்.

"வாயை விட்டுட்டு ஏணியைப் பிடிடா."

மத்தியானத்துக்குள் கேபிள் போய்விட்டது. வீட்டுக்காரி சமையலறையில் பாட்டைப் போட்டாள். துணி வாளியைத் தூக்கிக்கொண்டு கூடம், படிக்கட்டு, மாடி அறை என்று நடந்தாள். நாங்கள் பின்னாலேயே ஊர்வலம் போனோம். ஒரு சொல் அறுபடவில்லை. மொட்டை மாடியில் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டவள் பாட்டோடு சேர்ந்து தானும் பாடினாள் பாருங்கள், சாரத்தில் நின்று கேட்ட அதே குரல். மச்சான்கூட வாயை மூடிக்கொண்டான்.

கீழே வந்ததும் கேட்டாள். "ஏங்க, ட்ரில்லு இன்னும் இங்கதானே இருக்கு?"

"ஏன்?"

காலண்டரை எடுத்து நீட்டினாள். கல்யாணப் போட்டோ மருமகள் கையில் தயாராக இருந்தது. கடிகாரத்தை மச்சான் தூக்கிக்கொண்டு வந்தான்.

இப்போது வருகிறவர்களிடம் நான் ஜன்னலைக் காட்டுவதில்லை, ஓட்டையைக் காட்டுகிறேன். இரும்பு வலைக்குள் பிசிறில்லாமல் வட்டம் போட்ட மாதிரி ஓர் ஓட்டை. என்னைத் தவிர எவன் போடுவான் இப்படி?