அவர் மாட்டிய கார்டு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு என் வீட்டுக்காரர் போயிருப்பார். ஆனால் ஒரு வீடியோவிலும் அவர் இருக்க மாட்டார். கேமராவைப் பிடித்தவர் எப்படிப் படத்தில் வருவார்? குரல் மட்டும் வரும். "மாமா, செத்த நேரம் அப்படியே நில்லுங்க." "மாப்பிள்ளை, சிரிச்சா ஒண்ணும் கொறஞ்சு போயிராது." எடிட்டிங்கில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தக் குரலைத்தான் வெட்டி எறிவார். "துட்டு கொடுக்கிறவன் எங்குரலையா கேக்கப் போறான்?" என்பார். கல்யாண வீட்டுக்குப் போகும் பென்டிரைவில் நாதஸ்வரமும் சினிமாப் பாட்டும்தான் இருக்கும். வெட்டாத வீடியோ எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது.

கார்த்திகையில் ஒரு முகூர்த்தம் முடிந்து வந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. போன் பண்ணுவார், பேசுவார், வைத்துவிடுவார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் குரல் இனி எங்காவது இருக்கிறது என்றால் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான்.

அதைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. இருக்கிறது, எங்கே போகப் போகிறது என்று விட்டுவிட்டேன். சுவிட்சையும் அணைக்கவில்லை. கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்துகொள்ளும்படி அவர் செய்து வைத்திருந்தார். சமையல்கட்டில் நிற்கும்போது கரண்ட் வரும். உள்ளறையில் கம்ப்யூட்டரின் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கும். ஆள் உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பது போலவே இருக்கும். ஒரு தடவை என்னையறியாமல் இரண்டு டம்ளரில் காப்பி ஆற்றினேன். அந்தச் சத்தத்தை நான் பயந்து கேட்டேனா, ஆசையாய்க் கேட்டேனா என்றால் இரண்டும்தான்.

வைகாசியில் ஒரு மத்தியானம், காற்றில் போன கரண்ட் திரும்பியதும் அறைக்குள்ளிருந்து கீச்சென்று ஓர் அலறல் வந்தது. நிற்கவே இல்லை. விட்டுவிட்டு, ஒரே சீராக, யாரையோ கூப்பிடுவது போல. கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு அக்கா, வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிறவர், வந்து காது கொடுத்துக் கேட்டார்.

"ஏட்டி, அவன் உன்னைத்தான் கூப்பிடுதான். எலுமிச்சம்பழத்தைச் சுத்தி நடுரோட்டுல போடு."

எனக்குக் கோபம் வந்தது. கூப்பிடுகிறவர் என் புருஷன் என்றால் அவரை ஏன் நடுரோட்டில் போட வேண்டும்? சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் கொழுந்தனுக்குப் போன் செய்தேன்.

கொழுந்தனுக்கு நூல் மில்லில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை. அந்தக் கம்ப்யூட்டருக்குள் மாட்டிய ஒரு கார்டுக்காக அண்ணனும் தம்பியும் என் வீட்டில் பரோட்டாவை ஆற வைத்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவதை அப்படியே மற்றதிலும் எழுத வைப்பதற்கு ரெய்டு என்று பெயராம். ஒன்று கெட்டாலும் மற்றதில் இருக்கும். அதைச் செய்யத் தனியாக ஒரு கார்டு மாட்டலாம். கம்ப்யூட்டரிலேயே இருக்கும் சாஃப்ட்வேரிடமும் விடலாம்.

"சாஃப்ட்வேரே போதும்ணே. கார்டு செத்தா அதே மாதிரி கார்டைத் தேடி அலையணும். டிஸ்க்கு ரெண்டும் நல்லா இருந்தும் இல்லாத மாதிரிதான்."

"ஏலே, கார்டு எங்கல சாகுது? அது தன் வேலையத் தானே பாத்துக்கிடும். சாஃப்ட்வேர் எடிட்டிங்கை இழுத்துப் போட்டுரும்."

பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் போல மாறி மாறிக் குறை சொன்னார்கள். வீட்டில் மூத்தவர் பேச்சுதான் நடந்தது. மதுரையில் பழைய சாமான் கடையில் ஒரே மாதிரி கார்டு இரண்டு கிடைத்தன. ஒன்று எங்களுக்கு; மற்றதை அவருடைய கூட்டாளி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர், வாங்கிக்கொண்டார்.

கொழுந்தன் வந்து பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். சுவிட்சைப் போட்டதும் அலறல் மறுபடி தொடங்கியது. செத்த நேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டு அணைத்தார்.

"கார்டுதான் கத்துது மதினி. ரெண்டு டிஸ்க்கையும் காணோம்னு சொல்லுது."

டிஸ்க்குகள் இரண்டும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தன. கண்ணெதிரே இருப்பதைக் காணோம் என்று கதறியிருக்கிறது அந்தப் பச்சைத் தகடு. கார்டை உருவி வெளிச்சத்தில் காட்டினார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் காய்ந்திருந்தன. எங்கள் ஊரில் இயந்திரம் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பொட்டு உண்டு. நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் கத்தரிக்கோலுக்குக்கூட வைப்போம். இவர் வருஷா வருஷம் பெட்டியைத் திறந்து டிஸ்க்குக்கும் கார்டுக்கும் வைப்பார். அதிகம் நம்பிய கார்டுக்குத் தாராளமாகவே வைத்திருக்கிறார். ஈரச் சந்தனம் வழிந்து கார்டின் கம்பிக் கால்களுக்குள் இறங்கி, பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது.

"அண்ணனே வச்சுக் கெடுத்திருக்காவ," என்று சொல்லிச் சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். டிஸ்க்கின் மேலிருந்த சந்தனத்தில் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. இரண்டு டிஸ்க்கிலும்.

ஒரு டிஸ்க்கை மட்டும் தான் கொண்டுவந்த லேப்டாப்பில், கார்டு இல்லாமல் நேராக மாட்டிப் பார்த்தார். இதில் ஒன்றுமில்லை, ஃபார்மேட் செய்யட்டுமா என்று திரை கேட்டது. ஒரு க்ளிக்கில் எல்லாம் போயிருக்கும். "வேண்டாம்" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

கூட்டாளி வாங்கிய அந்த இன்னொரு கார்டுதான் இனி வழி என்று மறுநாள் டவுன் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். கூட்டாளி ஸ்டூடியோவை மூடி இரண்டு வருஷமாகிவிட்டது. ஆனால் பழைய கம்ப்யூட்டர் பரணில் கிடக்கிறது என்றார். டிஸ்க்குகளைக் கொழுந்தன் கம்ப்யூட்டர் சாமான் வரும் வெள்ளி நிறக் கவரில் போட்டுத் தந்தார். அதன் மேல் கம்பெனியில் வாங்கிய துணி பேண்டேஜைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அடிபட்ட ஆளைக் கூட்டிட்டுப் போற மாதிரில்லா இருக்கு மதினி."

"அப்படித்தான் கூட்டிட்டுப் போறேன்," என்றேன். மேடு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டபோதெல்லாம் என் உயிர் போய் வந்தது. இது கிடைக்காவிட்டால் அவர் இரண்டாம் தடவை சாவார் என்று நினைத்தேன். அப்போது அழ ஆளும் இருக்காது, காரியமும் இருக்காது.

கூட்டாளி பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் அந்தக் கார்டு இருந்தது. பொட்டு இல்லாத கார்டு. மாட்டினார்கள். அலறவில்லை. திரையில் கல்யாணங்கள் வரிசையாக வந்து நின்றன. நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். கொழுந்தன் எல்லாவற்றையும் தன்னுடைய டிஸ்க்கில் இறக்கிக்கொண்டார்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இனி எதைப் போடுவது என்று கேட்டபோது கொழுந்தன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கூட்டாளி இந்தக் கார்டையே தாரேன்கிறாரு. அண்ணன் கார்டுதான் வேணும்னு நின்னாவ. நீங்க சொல்லுங்க."

"சாஃப்ட்வேரே போடுங்க தம்பி. நாளைக்கு நான் இல்லாட்டாலும் எவன் வீட்டுல மாட்டினாலும் தெறக்கணும்."

இத்தனை வருஷத்தில் அவர் பேச்சுக்கு எதிராக நான் ஓட்டுப் போட்டது அதுதான் முதல் தடவை. சண்டைக்கு வர மாட்டாரா என்று இருந்தது. தெரியாமல் ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழிந்துவிடும் என்பதால், தன் வீட்டிலும் தனியாக ஒரு பிரதி இருக்கட்டும் என்று கொழுந்தன் வைத்துக்கொண்டார்.

பிறகுதான் அவர் குரலைத் தேடிப் போட்டுக் கேட்டோம். ஏதோ ஒரு மண்டபம், காலி நாற்காலிகள். ஸ்டாண்டில் கேமரா ஓடுவதை மறந்திருக்கிறார். போன் அடிக்கிறது. "சொல்லு... ம்... சாப்பிட்டேன், நீ சாப்பிடு." அப்புறம் கொஞ்சம் மௌனம். திடீரென்று வயிறு குலுங்கச் சிரிக்கிறார். "ஏட்டி, நீ இருக்கியே! வையி, வாரேன்." ஒரு கை வந்து லென்ஸை மூடுகிறது. அந்தக் கைதான் அவர் படத்தில் வந்த ஒரே இடம்.

கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படி என்ன சொன்னீங்க மதினி?" என்றார்.

எனக்கு ஞாபகமில்லை. எவ்வளவோ யோசித்துவிட்டேன். அவர் சிரிப்பு இரண்டு டிஸ்க்கில் இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்றாவதாகவும் இருக்கிறது. நான் சொன்னது எதிலும் இல்லை.

கம்பெனி விட்டு வந்ததும் அதைப் போட்டுவிட்டு, அந்த மௌனம் வரும்போது ஏதாவது சொல்லிப் பார்க்கிறேன். குழம்பில் உப்புப் போட மறந்ததை, அக்கா வீட்டுப் பூனை பாலைக் கவிழ்த்ததை. எதைச் சொன்னாலும் அதே இடத்தில் சிரிக்கிறார். நேற்று ஒன்றுமே சொல்லாமல் இருந்து பார்த்தேன். அப்போதும் சிரித்தார்.