சீட்டு வந்தது, பெயர் வரவில்லை

நூற்றெழுபத்தொன்பதாவது நாள். நூற்றெண்பது முடிந்தால் வேலை நிரந்தரம்.

அலுவலகத்தில் அவளுக்கு டோக்கன் அக்கா என்று பெயர். வயது நாற்பத்தாறு. ஒன்பது வருடம் மருத்துவமனைப் பதிவு கவுண்டரில் சீட்டு கிழித்துக் கொடுத்தவள். கவுண்டரை மூடி இயந்திரம் வைத்ததும், ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, அந்த இயந்திரத்துக்கு நிரல் எழுதும் கம்பெனியிலேயே சேர்ந்தாள். வீட்டில் வேறு யாருக்கும் சம்பளம் இல்லை. திரும்பிப் போகக் கவுண்டரும் இல்லை.

பத்தே காலுக்கு அவசரப் பிரிவு நர்ஸ் போன் செய்தாள்.

"அக்கா, பன்னெண்டு பேரு கையில சீட்டோட உக்காந்திருக்காங்க. டாக்டர் ஸ்கிரீன்ல ஒரு பேரு கூட இல்ல. ஒருத்தருக்கு மூச்சு வாங்குது."

"பேரையெல்லாம் பேப்பர்ல எழுதி டாக்டர்கிட்ட குடும்மா. நான் பாக்குறேன்."

போனை வைத்துவிட்டு நிரலைத் திறந்தாள். ஒன்பதரைக்கு மருத்துவமனை இயந்திரத்தில் ஏற்றியது அவள் எழுதிய நிரல்தான். 'டோக்கன்' என்ற தாய் வகுப்பு, அதாவது மற்ற நிரல்களை வார்த்தெடுக்கும் மூல அச்சு, முன்பே இருந்தது. எண் கொடுப்பதும், பெயரை டாக்டர் திரைக்கு அனுப்புவதும் அதில் ஒரே செயலுக்குள். அதிலிருந்து 'அவசர டோக்கன்' என்ற பிள்ளை வகுப்பை உண்டாக்கினாள். அவசரத்துக்கு எண் வேறு மாதிரி என்பதால், அதே பெயரில் புதிதாக ஒரு செயலையும் எழுதினாள்.

அவளைவிடப் பதினைந்து வயது இளைய குழுத்தலைவன் நாற்காலியோடு உருண்டு வந்தான்.

"என்னக்கா, கடைசி நேரத்துல கச்சேரி வச்சிட்டீங்க?"

"தாய்கிட்ட இருக்கறதெல்லாம் பிள்ளைக்குத் தானா வந்துடும்னு நீதானேப்பா சொன்ன?"

"வரும். பிள்ளை அதே பேர்ல தனக்குன்னு ஒண்ணு எழுதிக்கிட்டா தாயோடது ஓடாது. உள்ளேயிருந்து நீங்கதான் கூப்பிடணும். கூப்பிட்டீங்களா?"

கூப்பிடவில்லை. தாயை அழைக்கும், 'சூப்பர்' என்று தொடங்கும் ஒரே ஒரு வரி விட்டுப்போயிருந்தது.

"டெஸ்ட் பண்ணீங்கல்ல?"

"பண்ணேன். சீட்டு வந்துச்சு."

"ஸ்கிரீன்?"

ஒன்பது வருடமும் சீட்டு கைக்குப் போனதோடு அவள் வேலை முடிந்துவிடும். அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். திரையைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அவசரத்தில் அந்த வரியை மூன்று தடவை தப்பாக அடித்தாள். நான்காவது தடவை சரியாக அடித்து ஏற்றியதும் பெயர்கள் வரிசையாகத் திரையில் விழுந்தன. அதற்குள் மணி பத்தே முக்கால். மறுபடி போன்.

"மூச்சு வாங்கினவரை ஐசியூவுக்குக் கொண்டுபோயிட்டாங்கக்கா. நாப்பது நிமிஷம் உக்காந்திருந்தாராம். பொழைச்சுக்குவாருன்னு டாக்டர் சொல்றாரு."

டோக்கன் அக்கா கோளாறுக்குக் காரணம் எழுத வேண்டிய ரிப்போர்ட் படிவத்தைத் திறந்தாள். குழுத்தலைவன் குரலைத் தாழ்த்தினான்.

"ரிப்போர்ட்ல சர்வர் கோளாறுன்னு போட்டுடுங்க. நாளைக்கு ஒரு நாள் தாண்டிட்டா நீங்க தப்பிச்சீங்க."

"அப்படிப் போட்டா, நாளைக்கு வேற எவனாவது இதே வரியை விட்டுட்டு எழுதுவான்."

"உங்க பொழப்பைப் பாருங்கக்கா!"

பொழைப்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர் முட்டி எழுத்து மங்கியது. காரணம் என்ற கட்டத்தில், 'தாய் வகுப்பின் செயலை அழைக்க மறந்தது நான். சோதித்தபோது டாக்டர் திரையைப் பார்க்கவில்லை' என்று அடித்து அனுப்பினாள்.

வேலை போகவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை. சோதனைக் காலத்தை மூன்று மாதம் நீட்டினார்கள். திங்கட்கிழமை முதல் அவள் எழுதும் ஒவ்வொரு வரியும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே மருத்துவமனைக்குப் போகும்.