எல்லோருக்கும் ஒரே மார்க்

என் தங்கை ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்க்கிறாள். நான் எட்டாவதோடு நின்றுவிட்ட தையல்காரன். அவளிடம் நாலு முறை கேட்டுக் குறித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அவள் கவனிப்பது ப்ராக்ஸி சர்வர்களை. நமக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் கம்ப்யூட்டர்கள் அவை. மாணவிகள் கேட்கும் பக்கத்தை அவர்கள் சார்பில் வெளியே போய் வாங்கி வருவது ஒரு வகை. அதே வேலையை, தான் இருப்பதே தெரியாமல் செய்வது இன்னொரு வகை. ரிவர்ஸ் ப்ராக்ஸி என்பது வாசலைப் பார்த்து நிற்பது. வெளியிலிருந்து கேட்பவர்களுக்குக் கல்லூரி சர்வரின் சார்பில் பதில் சொல்லும். ஒருமுறை கொடுத்த பக்கத்தை நகலெடுத்து வைத்து, அடுத்தவருக்குச் சட்டென்று நீட்டவும் செய்யும்.

ஆறு மாதத் தற்காலிக வேலைதான் அவளுக்கு. ஆறாவது மாதம் தேர்வு முடிவு வந்தது. கூட்டம் தாங்காமல் கல்லூரியின் இணையதளம் படுத்துவிடக் கூடாதென்று, எல்லாப் பக்கங்களையும் நகல் வைக்கும்படி அமைத்தாள். ஒரே பதிவெண்ணை வைத்துப் பத்து தடவை சோதித்தாள். பத்து தடவையும் சரியாக வந்தது.

காலை பத்து மணிக்குத் தளம் பறந்தது. பத்து ஐந்துக்கு ஒரு மாணவி ஃபோனில் அழுதாள்.

"அக்கா, கணக்குல பன்னெண்டுன்னு காட்டுதுக்கா. நான் கணக்கே எடுக்கல!"

முதலில் பார்த்த பெண்ணின் நகலையே ரிவர்ஸ் ப்ராக்ஸி எல்லோருக்கும் நீட்டியிருக்கிறது. நகல்களை அழித்து, மார்க் பக்கத்துக்கு மட்டும் நகலே கூடாது என்று இவள் மாற்றப் பதினொரு நிமிடம் ஆனது.

"சர்வர் மக்கர் பண்ணுச்சுன்னு சொல்லிடும்மா. வேலை நிரந்தரமாகிற நேரம்" என்றார் மேலாளர்.

"இல்ல சார். ஒரு பொண்ணோட மார்க்கை ஊரே பார்த்திருக்கு. தப்பு என்னோடது."

அந்தப் பெண்ணைத்தான் முதலில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அதற்கு அந்தப் பெண், "எல்லாரும் என்னை மாதிரியே பன்னெண்டு வாங்கின அந்தக் கால் மணி நேரம் நல்லாத்தான்க்கா இருந்திருக்கும்" என்றாளாம்.

அடுத்து முதல்வரின் அறை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, எழுதியும் கொடுத்தாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அடுத்த வருஷம் பத்து பொண்ணுங்க நம்பரை வெச்சுச் சோதிச்சுப் பார்த்துட்டுத் தளத்தைத் தொற" என்றார்.

சாயங்காலம் மூச்சு வாங்க என் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, அடுத்த வருஷம்னு சொன்னாங்க!"

"வாயால சொன்னா ஆச்சா? எழுதிக் கொடுத்தாங்களா?"

"உன்னைத் தெரியாதா? வாங்கிட்டுத்தான் வந்தேன்."

அவள் நீட்டிய வேலை உத்தரவில் தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. இரண்டு தடவை வாசித்தேன்.