போட்டுக் காட்டுகிறவர்

ராஜமுருகனின் வலது கை ஒரு கறுப்புக் கம்பளிக் குல்லாவை உதறி விரிக்கிறது. இடது கையின் இரண்டு விரல்கள் அவர் தலையில் இருக்கும் பழுப்புக் குல்லாவுக்குள் நுழைந்து, காதுக்கு மேலே சொறிகின்றன. இரண்டும் சேர்ந்தேதான் நடக்கும்.

கொடைக்கானல் ஏரிச் சாலையில் அவர் கடை. கண்ணாடி கிடையாது. யார் எந்தக் குல்லாவைக் கேட்டாலும் தன் தலையில் மாட்டிக் காட்டுவார். "இந்த மண்டைக்கே இம்புட்டு எடுப்பா இருக்கு, ஒங்களுக்குக் கேக்கணுமா?" என்பார். சிரித்தவர்கள் வாங்குவார்கள்.

இந்த ஆண்டு எல்லாரும் கறுப்பு கேட்கிறார்கள் என்று மூட்டை மூட்டையாகக் கறுப்பையே இறக்கினார். கறுப்பில்தான் பொடுகு தெரிகிறது. ஒருநாள் கல்லூரிப் பையன் ஒருவன், அவர் கழற்றி நீட்டிய குல்லாவின் உள்ளே பார்த்தான். "மச்சி, உள்ள ஸ்நோ விழுதுடா" என்றான். கூட்டம் அடுத்த கடைக்கு நகர்ந்தது.

சரக்கு போகாவிட்டால் பழனிக்கு இறங்க வேண்டியதுதான். அங்கே அண்ணன் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறார். "ஏலே, வந்து டப்பா அடுக்கு" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கூப்பிடுகிறார். ஐம்பது தாண்டியபின் 'ஏலே' கேட்டு நிற்க ராஜமுருகனுக்கு மனமில்லை.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. தேங்காயெண்ணெயில் யூகலிப்டஸ் தைலத்தைக் கலந்து அப்புவார். எரிந்தால் மருந்து கேட்கிறது என்று கணக்கு. கொதிக்கக் கொதிக்க வெந்நீர். ஐப்பசியில் பழனியில் மொட்டையும் போட்டார். சந்தனத்தின் மேலேயே குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு கொடைக்கானலுக்குத் திரும்பினார். முடி முளைக்கும்போதே பொடுகும் வந்துவிட்டது. மலையிலேயே தலை நரைத்தும் குளிரை அவர் நம்புவதில்லை. தூக்கத்திலும் குல்லா. "தலையில பனி எறங்குச்சுன்னா ஆளு எந்திரிக்க மாட்டான்."

அந்தப் பையன் வந்துபோன அன்று சாயங்காலம், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சௌம்யாவிடம் இதைவிட எரிகிற தைலம் இருக்கிறதா என்று கேட்டார்.

"அண்ணே, பொடுகு முடியில இல்ல, தோல்ல இருக்கு. எண்ணெய ஊத்தி மூடி வச்சு நீங்களே வளக்குறீங்க. இந்த ஷாம்பூ, வாரம் ரெண்டு வாட்டி. தேச்சு அஞ்சு நிமிசம் ஊறவிட்டு அலசுங்க. தண்ணி வெதுவெதுன்னு போதும். நகத்த வெட்டுங்க. தலை காயாம குல்லா கூடாது. ஒரு மாசத்துல கொறையலைன்னா டாக்டர்ட்ட காட்டுங்க."

"சுத்தமாப் போயிருமாம்மா?"

"போகும், வரும். வந்தா மறுபடி தேய்க்கணும்."

"பல்லு வெளக்குற மாதிரி, சாகுற மட்டுமா?" அவர் முகம் தொங்கிப்போயிற்று.

வீட்டில் மனைவி சிவபாக்கியம் பழுப்புக் குல்லாவை இரண்டு விரலால் தூக்கி வாளியில் போட்டார். "அம்புட்டும் எண்ணெ. இத வச்சு அடுப்பே பத்த வைக்கலாங்க."

மறுநாள் வெள்ளனே குளித்தார். நுரையோடு நடுங்கிக்கொண்டே நின்றார். வெயிலில் உட்கார்ந்து காயவைத்து, வெறுந்தலையோடு கடைக்கு வந்தார். காதுகள் சிவந்திருந்தன.

முதலில் வந்த அம்மாள் கறுப்பைக் கை காட்டி, "போட்டுக் காட்டுங்களேன்" என்றார்.

குல்லாவோடு வலது கை நெற்றிவரை போய் நின்றது. பிறகு இறங்கியது. ராஜமுருகன் இடது கையை, எப்போதும் சொறிகிற அந்தக் கையை, இறுக மூடிக்கொண்டார். அதன்மேல் குல்லாவை மாட்டி, ஓரத்தை மடித்துவிட்டு, மெல்லத் திருப்பிக் காட்டினார்.